வழிவிடும் கை

என் கணவர் வழிவிடுகிற மனிதர். கல்யாண வீட்டுப் பந்தியில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகும், பின்னால் யாராவது வந்து நின்றால் எழுந்துவிடுவார். "நீங்க உக்காருங்க, எனக்கொண்ணும் அவசரமில்லீங்க" என்பார். கடைசிப் பந்தியில் பாயசம் தீர்ந்துபோயிருக்கும். ஓட்டலில் கை கழுவுகிற இடத்தில் இவரைப் போலவே இன்னொருவர் வந்து மாட்டிக்கொண்டால் போதும். "நீங்க கழுவுங்க", "இல்லீங்க, நீங்க மொதல்ல" என்று இரண்டு பேரும் எச்சில் கையோடு நிற்பார்கள். குழாய்த் தண்ணீர் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். கல்யாணமான புதிதில் எனக்கு இது பெருமையாக இருந்தது. பிறகு எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் பயமாக இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

திருச்சி ரோட்டில் எங்களுக்கு ஒரு கடை இருக்கிறது. தண்ணீர் மோட்டாருக்கான உதிரி பாகங்கள் விற்கிறோம். வீடு சூலூர்ப் பக்கம். காலையில் இரண்டு பேரும் ஒன்றாகக் காரில் கிளம்புவோம். ஷட்டரைத் தன் கையால்தான் தூக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அவர் ஓட்டுவார், நான் இடது பக்கம் உட்கார்ந்திருப்பேன். அந்த இடது பக்கம் முக்கியம். அவருக்கு அங்கே தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்ததற்கு அதுதான் காரணம். மற்றபடி எனக்கொன்றும் தனி ஞானம் கிடையாது.

கடைக்குக் கொஞ்சம் முன்னால் நான்கு ரோடு கூடுகிற இடத்தில் ஒரு சிக்னல் இருந்தது. அதைத் திட்டாதவர்கள் யாரும் இல்லை, நானும்தான் திட்டினேன். பச்சை விழுந்து, நாம் நகர்வதற்குள் மறுபடியும் சிவப்பு விழும். ஆட்டோக்காரர்கள் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி இடுப்பை முறித்துக்கொள்வார்கள். நான் அந்த நேரத்தில் ஒரு ஆரஞ்சுப் பழத்தையே உரித்து முடித்துவிடுவேன். வெயில் காலத்தில் அங்கே நிற்பது பெரும் கொடுமை. ஆனால் யார் போக வேண்டும், யார் நிற்க வேண்டும் என்பதை அந்த விளக்குதான் சொன்னது. என் கணவருக்கு அங்கே செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு மஞ்சள் கோட்டு போட்டவர்கள் வந்து ரோட்டை அளந்தார்கள். தாரின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பில் அம்புக்குறிகள் போட்டார்கள். நெரிசலைக் குறைக்கச் சிக்னலையே எடுத்துவிடப் போகிறார்கள், நாற்சந்தியின் நடுவை அடைத்துவிட்டு, தள்ளி ஒரு யூ-டர்ன் வைக்கப் போகிறார்கள் என்று சொன்னார்கள். கடைக்காரர்களை எல்லாம் ஒரு மண்டபத்துக்குக் கூப்பிட்டு விளக்கம் சொன்னார்கள். இவர் போய்விட்டு வந்து வாயெல்லாம் பல்லாக இருந்தார்.

"படம் போட்டுக் காட்டுனாங்க அம்மணி. வண்டியெல்லாம் தண்ணி மாதிரி போகுது. ஒருத்தரும் நிக்கிறதே இல்ல."

அந்தப் படத்தை அவர் செல்போனில் எடுத்து வந்திருந்தார். சின்னச் சின்னப் பெட்டிகள் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தன. இடைவெளி கிடைக்கும்போது ஒரு பெட்டி திரும்பி அந்த வரிசையில் கலந்துகொண்டது. நன்றாகத்தான் இருந்தது. அந்தப் படத்தில் எந்தப் பெட்டியும் இன்னொரு பெட்டிக்காக நிற்கவில்லை என்பதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் யோசித்தேன்.

வேலை சீக்கிரமே முடிந்தது. விளக்குக் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். நடுவில் இடுப்பளவு சிமெண்டுத் தடுப்பு வந்தது. அந்தப் பகுதிக்கெல்லாம் சேர்த்துத் தடுப்பில் ஒரே ஒரு இடத்தில் திறப்பு விட்டிருந்தார்கள். எதிர்ப் பக்கத்தில் டவுனிலிருந்து வருகிறவர்கள் அந்தத் திறப்பில் வந்து நின்று, எங்கள் பக்கம் வண்டி வராத சமயம் பார்த்து வளைந்து எங்களோடு கலந்துகொள்ள வேண்டும். முதல் வாரம் எல்லோரும் மெச்சிக்கொண்டோம். ஆரஞ்சு உரிக்க நேரமே இல்லை. அதற்கு முன்னால் அந்த ரோட்டில் யாரும் வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை, போக முடியாது. இப்போது எல்லோரும் போனார்கள். பல்லடத்திலிருந்து வருகிற பஸ்கள் எங்களைத் தாண்டிப் போகும்போது கார் ஒரு பக்கம் ஆடியது.

வேகமாகப் போகிற ரோட்டில் வண்டி வராத சமயம் என்று ஒன்று எங்கே இருக்கிறது? திறப்பில் ஸ்கூட்டர்களும் மொபெட்களும் சேர்ந்துகொண்டே போயின. எல்லா முகங்களும் எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கும். என் கணவரால் அந்த முகங்களைத் தாண்டிப் போக முடியவில்லை. தடுப்பை ஒட்டிய வரிசையில் வந்துகொண்டிருந்த காரை ஒரு நாள் திறப்புக்கு முன்னால் நிறுத்தினார். வலது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, உள்ளங்கையை மேலே காட்டி, விருந்தாளியை வீட்டுக்குள் கூப்பிடுகிற மாதிரி அசைத்தார். "போங்க, போங்க" என்று உதடு அசைந்தது. கண்ணாடி ஏற்றியிருந்ததால் அது எனக்கு மட்டும்தான் கேட்டது.

எங்களுக்கு இடது பக்கத்தில் இன்னும் இரண்டு வரிசை ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு கார்க்காரர் நின்றுவிட்டார் என்று எரிச்சலோடு விலகி, எங்கள் இடது பக்கமாக முந்திப் போய்க்கொண்டிருந்தார்கள். என் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் படுகிற தூரத்தில் போனார்கள். எங்கள் காருக்கு முன்னால் யார் வளைகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் வருவது வளைகிறவர்களுக்குத் தெரியாது. நடுவில் எங்கள் கார் மறைத்துக்கொண்டு நின்றது. அது தெரிந்தது எனக்கு மட்டும்தான்.

இன்னொன்றும் பார்த்தேன். வழி கிடைத்தவர்கள் யாரும் ரோட்டைப் பார்ப்பதில்லை. இவர் முகத்தைப் பார்ப்பார்கள். சிரிப்பார்கள், தலையை ஆட்டுவார்கள், சிலர் நெஞ்சில் கை வைப்பார்கள். ஒருத்தர் நமக்காக நின்றிருக்கும்போது அவரைப் பார்த்துச் சிரிக்காமல் போவது எங்கள் ஊரில் பழக்கமில்லை. அவரைக் காக்க வைப்பதும் பழக்கமில்லை, அதனால் அவசரமாகப் போவார்கள். இவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இரண்டாவது வரிசைக்குள் நுழைவார்கள். நான் அந்த நேரத்தில் என் முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

தடுப்பின் அடியில் கண்ணாடித் தூள் சேர ஆரம்பித்தது. யாரோ பெருக்கி ஒதுக்கிய சிவப்பு, வெள்ளைத் துண்டுகள். ஒரு நாள் அதனோடு பிய்ந்துபோன ஒரு செருப்பும் கிடந்தது. எதுவும் பேப்பரில் வருகிற அளவுக்குப் பெரியதில்லை.

மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற ஒருவர் எங்களிடம் வழக்கமாகச் சாமான் வாங்குவார். ஒரு காலையில் இவர் காரை நிறுத்திக் கையைக் காட்டியது அவருடைய மொபெட்டுக்குத்தான். அவர் சிரித்தபடி எங்கள் முன்னால் வந்தார். என் ஜன்னல் ஓரமாக ஒரு பைக் போனது. நான் வாயைத் திறப்பதற்குள் சத்தம் கேட்டுவிட்டது. என் கணவர்தான் முதலில் இறங்கி ஓடினார். அடிபட்டவரைத் தூக்கிக் காரில் படுக்க வைத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, அவருடைய வீட்டுக்குப் போன் செய்து, சாயங்காலம் வரை கூடவே இருந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை.

எலும்பு கூடியதும் அந்த மனிதர் ஒரு நேந்திரம் வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். "அண்ணன் மட்டும் இல்லீன்னா அன்னைக்கு எம்பொழப்பு என்னாயிருக்குமுங்க" என்று கண் கலங்கினார். "அட, இதுக்கெல்லாம் பழமுங்களா" என்று இவர் நெளிந்தார். நான் அந்தத் தாரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. காப்பாற்றியது இவர்தான், அதில் பொய் இல்லை. அடிபட வைத்ததும் இவர்தான் என்பது அந்த இரண்டு பேருக்குமே தெரியவில்லை. பழுத்த பிறகு எல்லோரும் தின்றார்கள். நான் ஒன்றுகூடத் தொடவில்லை.

தார் வந்த அன்று மத்தியானம் சாப்பிடும்போது இவரைப் பிடித்துக் கேட்டேவிட்டேன்.

"ஏனுங்க, உங்களுக்கு என்ன கெரகமுங்க? போற வண்டிய நிறுத்திப்போட்டு ஆளக் கூப்பிட்டு நடு ரோட்டுல வுடறீங்க."

"அந்தப் பைக்குக்காரன் பறந்து வந்தான் அம்மணி. நா என்ன பண்றது?"

"அவனுக்கு ஆளு வர்றது தெரியலீங்க. நம்ம காரு மறைச்சுட்டு நின்னுது."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப ஒருத்தருமே நிறுத்தாம போனா அந்தச் சனம் எப்பத்தான் தாண்டுறது? நீயே சொல்லு."

 அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த நியாயம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. ஏனென்றால் அந்தத் திறப்பில் தினமும் வந்து நிற்கிறவர்களில் எங்கள் கடைப் பெண்ணும் ஒருத்தி.

எங்கள் கடையில் பில் போடுகிற பெண் அவள். கோட்டைமேட்டில் வீடு. கணவர் வெளியூரில் வேலை செய்கிறார். ஸ்கூட்டரின் முன்பலகையில் தன் சின்ன மகளை நிற்க வைத்துக்கொண்டு வருவாள். கடைக்குப் பின் சந்தில் இருக்கிற பள்ளிக்கூடத்தில் பாப்பாவை விட்டுவிட்டு, ஷட்டர் தூக்குகிற நேரத்துக்குக் கடைக்கு வந்துவிட வேண்டும். அதனால் நாங்கள் அந்த இடத்துக்கு வருகிற நேரமும் அவள் வருகிற நேரமும் அநேகமாக ஒன்றாகவே இருக்கும். இவர் அவளைப் பார்த்துவிட்டால் வேறு யாருக்கு நிற்காவிட்டாலும் நிற்பார். அவள் தலை குனிந்து சிரித்தபடி வளைவாள். பாப்பா ஹேண்டிலைப் பிடித்திருந்த ஒரு கையை எடுத்து, கடைசி வரை திரும்பிப் பார்த்து, "டாட்டா தாத்தா" என்று ஆட்டிக்கொண்டே போகும். அந்த வளைவு முடிகிற வரை நான் மூச்சு விடமாட்டேன். என் ஜன்னல் ஓரமாக என்ன வருகிறது என்று திரும்பிப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம்.

அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "அண்ணன் கையக் காட்டுனா நீ வராத கண்ணு. அந்தப் பக்கம் முழுசா காலியான பொறவு வா. லேட்டானாப் போச்சாது, பரவால்ல."

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். "எப்படிங்கக்கா? அண்ணா வண்டிய நிறுத்திக் கூப்பிடறப்ப நா கல்லு மாதிரி நின்னா மரியாதையாவா இருக்கும்? எனக்காகத்தானுங்களே நிக்கிறாரு."

"மரியாதையெல்லாம் நா பாத்துக்கறேன்."

"சரிங்கக்கா" என்றாள். அடுத்த நாளும் வளைந்தாள். தன் முதலாளி, வயதில் பெரியவர், பின்னால் இத்தனை பேர் ஹாரன் அடிக்க நின்று தன்னைக் கூப்பிடுகிறார். அவளால் வராமல் இருக்க முடியாது. நான் அவள் இடத்தில் இருந்திருந்தாலும் வந்திருப்பேன் என்று அப்போது லேசாகத் தோன்றியது. அது எவ்வளவு உண்மை என்று அப்போது தெரியாது.

காரில் அவர் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். "வண்டி ஓட்டறப்ப கையப் புடிக்கிற" என்று கோபித்துக்கொண்டார், அந்தக் கோபத்திலும் மறு கையால் வழி காட்டினார். சீக்கிரம் கிளம்பலாம் என்றேன், நல்ல நேரம் பார்த்துத்தான் கடை திறக்க வேண்டும் என்றார். இடது வரிசையில் ஓட்டுங்கள் என்றேன், அந்தப் பக்கம் பஸ்காரன் அணைத்துக்கொண்டே வருகிறான் என்றார். பேசிப் பிரயோஜனம் இல்லை என்று ஆனபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

அந்தப் பெண்ணால் இவருடைய மரியாதையைத் தட்ட முடியாது. ஆனால் எனக்கு முன்னால் முந்திக்கொண்டு போகவும் அவளால் முடியாது. திறப்பில் அவளுக்கு முன்னால், வீட்டில் சும்மா நிற்கிற என் ஸ்கூட்டரோடு நான் நின்றுவிட்டால்? இவர் எத்தனை கூப்பிட்டாலும் நான் நகர மாட்டேன். நான் நகராமல் அவள் நகர மாட்டாள்.

மறுநாள் ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு இவருக்கு முன்னாலேயே என் ஸ்கூட்டரில் கிளம்பினேன். கடையைத் தாண்டிப் போய், அடுத்த யூ-டர்னில் திரும்பி, எதிர்ப் பக்கமாக வந்து அந்தத் திறப்பில் முதல் ஆளாக நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவளும் வந்து என் பின்னால் நின்றாள்.

"அக்கா, நீங்க எங்க இந்தப் பக்கம்?"

"சும்மாதான் கண்ணு. ஒரு வேலையாப் போயிட்டு வாரேன்."

அந்த இடத்திலிருந்து ரோட்டைப் பார்ப்பது அதுதான் எனக்கு முதல் முறை. காரிலிருந்து பார்த்தபோது தெரியாத வேகம் அங்கே தெரிந்தது. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக முகத்துக்கு நேராக வந்தன. புழுதியும் சூடும் காலில் அடித்தன. பின்னால் நின்றவர்கள் ஆக்ஸிலேட்டரை முறுக்கி முறுக்கி விட்டார்கள். கொஞ்ச நேரம் அங்கே நின்றாலே, எப்படியாவது அந்தப் பக்கம் போய்விட வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்று ஆகிவிடுகிறது.

"தாத்தா காரு" என்றது பாப்பா.

எங்கள் கார் வந்து திறப்புக்கு முன்னால் நின்றது. அது நின்றதும் எனக்கு ரோடே தெரியாமல் போனது. காரின் மூக்கும் கண்ணாடிக்குள் அவர் முகமும்தான் தெரிந்தன. முன்னால் நிற்பது நான் என்று பார்த்ததும் முதலில் திகைத்தார். பிறகு சிரித்தார். பொண்டாட்டிக்கே வழிவிடுகிற பாக்கியம் கிடைத்துவிட்டது என்கிற சிரிப்பு. வலது கை உயர்ந்தது. உள்ளங்கை மேலே பார்க்க, வா, வா என்று அசைந்தது.

நான் நகரக் கூடாது என்றுதான் வந்திருந்தேன். அந்தக் கையைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. "போங்கக்கா, அண்ணா நிக்கிறாருங்கள்ல" என்றாள் அவள். அவளுக்கும் பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். இவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். இத்தனை பேரை நிறுத்தி வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எனக்காகக் காத்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. நானும் சிரித்தேன். என் கை ஆக்ஸிலேட்டரை முறுக்கியது.

ஸ்கூட்டர் காரின் மூக்கைத் தாண்டியது. என் முகம் அவர் பக்கம் திரும்பியிருந்தது. கண்ணாடிக்குள் அவருக்குப் பக்கத்தில் இடது இருக்கை காலியாக இருந்தது. அந்தக் காலியைப் பார்த்ததும்தான் எனக்குப் புத்தி வந்தது. இரண்டு பிரேக்கையும் பிடித்து, இரண்டு காலையும் ஊன்றினேன். பல்லடம் பஸ் என் முன்சக்கரத்துக்கு முன்னால் போனது. ஹாரன் சத்தம் அது போன பிறகுதான் காதில் விழுந்தது. பஸ் இழுத்த காற்றில் என் முந்தானை விலகி முகத்தில் அடித்தது. பின்னால் பாப்பா அழ ஆரம்பித்தது. என்னை ஒட்டியே அவளும் வந்திருக்கிறாள். நான் நின்றதால் நின்றிருக்கிறாள்.

அவர் கை இன்னும் அந்தரத்தில் இருந்தது. வா என்று காட்டிய நிலையிலேயே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, வேறு யாருடைய கையையோ எடுத்து வைப்பது மாதிரி அதை ஸ்டியரிங்கின் மேல் வைத்தார்.

 அன்று கடையில் அவருக்கு டீ கொண்டுவந்து வைத்தால் ஆறிப்போகும்வரை அப்படியே இருந்தது.    எல்லாம் தெரிந்த நானே போனேனே என்பதுதான் இப்போதும் நினைவுக்கு வருகிறது.

அடுத்த நாளிலிருந்து அவர் நிற்பதில்லை. திறப்பு நெருங்கும்போது இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி போய்விடுவார். தாண்டிய பிறகு கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைப்பார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் வேறு மனிதராக ஆகிவிட்டார். அது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் உயிர் மிஞ்சியதே, போதும் என்று இருந்தேன்.

கொஞ்ச நாள் போன பிறகு ஒரு மத்தியானம், அவர் சாப்பிடப் போயிருந்த நேரம், அந்தப் பெண் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள்.

"அக்கா, அண்ணாவுக்கு எம்மேல ஏதாச்சும் கோவமுங்களா?"

"ஏன் கண்ணு?"

"இப்பல்லாம் என்னப் பாத்தும் பாக்காத மாதிரி போயர்றாருங்க. பாப்பா வேற தாத்தா ஏன் நிக்கலைன்னு கேட்டுட்டே இருக்குது. நா ஏதாச்சும் தப்பு பண்ணியிருந்தா சொல்லிப்போடுங்கக்கா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உட்கார வைத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கார் மறைப்பது, இரண்டாவது வரிசை, காயில் கட்டுகிறவருக்கு அடிபட்டது, அன்றைக்கு பஸ் போனது எல்லாம் சொன்னேன். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். கோபம் இல்லை என்று தெரிந்ததும் முகம் தெளிந்தது. மற்றதெல்லாம் அவள் காதில் ஏறியதா என்று தெரியவில்லை.

எழுந்து போகும்போது, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னாள்.

"அண்ணா நிக்கலைன்னு நீங்க சங்கடப்பட்டுக்காதீங்கக்கா. இப்ப ஒரு வெள்ளைக் காருக்காரரு தெனமும் எங்களுக்கு நிறுத்தி வுடறாருங்க. நெம்ப நல்ல மனுசன். பாப்பா அவருக்கும் டாட்டா சொல்லப் பழகிக்கிச்சு."